பிரேக்கில் காற்று

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு இருக்கட்டுமுங்க, பரவால்ல. அந்தச் சேர்ல மட்டும் உக்காராதீங்க, கால் ஆடும். ஊர் வண்டியெல்லாம் நேராக்குவாரு எங்க வீட்டுக்காரரு, வீட்டுச் சேரை நேராக்க அவருக்கு நேரமில்ல. இதுல உக்காருங்க.

என்ன சொல்லி அனுப்பினாரு? ஞாயித்துக்கெழமை ரேஸுக்கு நான் வர வேண்டாமாமா? அவ்வளவுதானுங்களா? அதா அந்தப் பட்டறைச் செட்டுல இருந்து இந்த நடைக்கு வந்து சொல்ல முடியல, வண்டி ஓட்ட வந்த புள்ளையைத் தூது அனுப்பறாரு. உங்க மேல தப்பில்லீங்க. எங்க வீட்டுல பேச்சுவார்த்தையே இப்படித்தான். சோறு ஆச்சுன்னா நான் தட்டை டொக்குன்னு வெப்பேன், அவரு வந்து திம்பாரு. தண்ணி வேணும்னா சொம்பைத் தரையில தட்டுவாரு. பூபதி போனதுல இருந்து நானும் அவரும் மூஞ்சி பாத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல.

பூபதி யாருன்னு தெரியுமுங்களா? தெரிஞ்சுதான் ஓட்ட வந்தீங்களா. சரி. என்ற ஒத்தப் பையன் உசுரை விட்ட வண்டியிலதான் நீங்க ஒக்காரப் போறீங்க. பிரேக் பிடிக்கலைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஏன் பிடிக்கலைன்னு நான் சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு, பெத்தவ வரலாமா கூடாதான்னு நீங்களே சொல்லுங்க. அந்தாளு சொல்லி நான் கேக்கறதா இல்ல.

காபி எடுத்துக்கங்க. சக்கரை கம்மியா இருந்தாச் சொல்லுங்க.

அந்த வண்டி எங்களுது இல்லீங்க. ஒரு மில் மொதலாளி, அந்தக் காலத்துல சீமையில இருந்து கப்பல்ல எறக்குனது. ரெண்டே சீட்டு, மேல கூரை கெடையாது, பச்சைக் கலரு. அவரு காலமாகி, மில்லும் மூடி, பஞ்சு குடோனுக்குள்ள கோழி முட்டை வெச்சுக் கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு அந்த மில்லுக்கு லேத் வேலை பண்ணவரு. பழைய சாமானை ஏலம் விடறப்பப் போயி, மிசின் வாங்கிட்டு வருவாருன்னு பாத்தா, இதை இழுத்துக்கிட்டு வந்து நிறுத்துனாரு. அப்பனும் மகனும் அதைச் சுத்திச் சுத்தி வந்ததைப் பாக்கோணும் நீங்க. எனக்குப் பிரசவம் ஆனப்பக்கூட அந்த மனுசன் மூஞ்சியில அவ்வளவு வெளிச்சம் இல்லீங்க.

பூபதி அப்ப இஞ்சினீரிங் முடிச்சுட்டு ஒரு பம்பு கம்பெனியில இருந்தான். சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழட்டி எறிஞ்சுட்டு செட்டுக்குள்ள பூந்துக்குவான். கெடைக்காத சாமானையெல்லாம் இவரு லேத்துல கடைஞ்சு குடுத்தாரு. ஸ்பிரிங்கு மாத்துனாங்க, தலைக்கு மேல இரும்புக் கூண்டு வெச்சாங்க, கதவுல இருந்து கார்ப்பெட் வரைக்கும் கனமா இருந்ததையெல்லாம் கழட்டி எறிஞ்சாங்க. ரேஸ் வண்டின்னா கனம் ஆகாதாமே. உங்களுக்குத் தெரியாததா.

அதுல கேளுங்க, பிரேக்குல காத்து எடுக்கற வேலை ஒண்ணு இருக்குது. குழாய்க்குள்ள ஆயிலோட காத்துப் பூந்துச்சுன்னா பெடலு பொதபொதன்னு உள்ள போயிரும், வண்டி நிக்காது. இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்கறீங்களா? அடுப்படி ஜன்னலுக்கு எதிர்லயே செட்டு. கேட்டுக் கேட்டே நான் பாதி மெக்கானிக்கு. அதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தரு சீட்டுல உக்காந்து பெடலை மிதிக்கோணும், ஒருத்தரு சக்கரத்துக்கிட்டப் படுத்துக்கிட்டு அங்க இருக்கற சின்னத் திருகாணியைத் தொறந்து மூடோணும். இவரு கீழ இருந்து குரல் குடுப்பாரு. "மிதி கண்ணு. புடி. விடு." அவன் மிதிப்பான். "மிதி கண்ணு. புடி. விடு." நாலு சக்கரத்துக்கும் இதே பாட்டு. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். ஒரு வீட்டுல சந்தோசம்னா அப்படித்தானுங்க சத்தம் வரும். அன்னைக்கு அது எனக்குத் தெரியல.

ஒரு விசயம் நான் விட்டுக் குடுக்க மாட்டேன். அவங்க இரும்பைப் பாத்தாங்க, நான் சாமியைப் பாத்தேன். எங்க குலதெய்வம் செல்லாண்டியம்மன். பொடக்காளியில எலுமிச்சை மரம் நின்னுச்சு, பொடக்காளின்னா வீட்டுக்குப் பின்னாடி, அதுல முத்துன பழமாப் பாத்துப் பறிச்சு, அம்மன் பாதத்துல வெச்சுப் பூசை பண்ணி, ஒவ்வொரு ரேஸுக்கும் கொண்டுபோயிக் குடுப்பேன். அவன் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு டூல் பெட்டிக்குள்ள போட்டுருவான். "வண்டிக்குள்ள எதையும் வைக்கக் கூடாதும்மா, செக்கிங்குல தூக்கி வீசிருவாங்க"ம்பான். டூல் பெட்டிக்கு எதுக்குங்க காவலு? ஓட்டறவனுக்கில்ல வேணும்?

அந்தத் தடவை எனக்கு மனசே சரியில்ல. மொத நாள்லயிருந்து இடது கண்ணு துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பொம்பளைக்கு இடது கண்ணு துடிச்சா நல்லதும்பாங்க. எனக்கென்னமோ அது நல்லதாப் படல. முந்தின சாயங்காலம் அப்பனும் மகனும் கடைசியா ஒருதரம் காத்து எடுத்தாங்க. மிதி, புடி, விடு. கடைசியில பையன் சொன்னது என்ற காதுல கேட்டுச்சு: "அப்பா, பெடலு கல்லாட்டம் இருக்குது." கல்லாட்டம்னு சொன்னானுங்க. அப்பறமும் காத்து இருந்திருக்குது பாருங்க. செய்யற வேலையில சுத்தம் இல்லைன்னா அப்படித்தான்.

அடுத்த நாள் டிராக்குல செக்கிங் முடிஞ்சுது. அந்த ஆபீசரு பெல்ட்டை இழுத்துப் பாத்தாரு, குனிஞ்சு கீழ பாத்தாரு, காயிதத்தை ஒட்டிட்டுப் போயிட்டாரு. பூபதி ஹெல்மெட்டு எடுக்கப் போனான். இவரு டயருக்குக் காத்துப் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் அம்மன் பழத்தை எடுத்து, மூணு சுத்து சுத்தி, சீட்டுக்கும் பக்கத்துத் தகரத்துக்கும் நடுவுல இருக்கற சந்துல வெச்சுட்டேன். பளபளன்னு நல்ல பெரிய பழமுங்க. அவனுக்குத் தெரிஞ்சா எடுத்துருவான்னு சொல்லல. தாயீ, கூடவே இருன்னு வேண்டிக்கிட்டேன். வேண்டுனப்பறம் எனக்கு நெஞ்சுப் படபடப்பு நின்னு போச்சு. அவ்வளவு நிம்மதி. போயி கேலரியில உக்காந்து பக்கத்துல இருந்தவங்களுக்குத் தட்டுவடை குடுத்தேன்.

ரெண்டு சுத்து நல்லாத்தான் வந்தான். மூணாவது சுத்துல அந்த நீள ரோடு முடியற எடத்துல, அதா எல்லாரும் பிரேக் போட்டுத் திரும்பற வளைவுல, மத்த வண்டியெல்லாம் திரும்புச்சு. இவன் திரும்பல. நேரா டயர் அடுக்கி வெச்சிருந்த செவுத்துக்குப் போனான். சத்தம்கூடப் பெருசா இல்லீங்க. பொத்துனு. மூட்டை விழுந்த மாதிரி.

அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.

வண்டியை ஒரு லாரியில ஏத்தி வந்து செட்டுல எறக்குனாங்க. வீடு பூரா ஒரம்பரைச் சனம், அழுகைச் சத்தம். இந்த மனுசன் புள்ளைக்கிட்ட உக்காராம வண்டிக்கிட்டப் போனாரு. ஜன்னல் வழியா நான் பாத்தேன். முட்டி போட்டு, நசுங்குன தகரத்துக்குள்ள தோள்பட்டை வரைக்கும் கையை விட்டு, பெடலு இருக்கற எடத்துல தடவுனாரு. தடவிக்கிட்டே இருந்தவரு கை ஒரு எடத்துல நின்னு போச்சு. அப்பறம் கையை இறுக்கி மூடிக்கிட்டு எந்திரிச்சு, பொடக்காளிக்குப் போயி, தொவைக்கிற கல்லுல உக்காந்து கையைக் கழுவுனாரு. தேச்சுத் தேச்சுக் கழுவுனாரு. ஆயிலு போலிருக்குதுன்னு நெனச்சேன். புள்ளை பொணமாக் கெடக்கறப்ப ஆயிலு கழுவறான் பாருன்னு ஜன்னலைச் சாத்திட்டு வந்துட்டேன்.

இன்னொண்ணு சொல்றேன், நீங்க நம்புனாலும் சரி. அன்னைக்கு அந்த வண்டிக்கிட்ட நான் போயி நின்னேன். பெட்ரோல் நாத்தம் இல்ல, ரத்த நாத்தம் இல்ல. பழ வாசம் வந்துச்சு. கம்முனு, அப்பத்தான் அறுத்து வெச்ச எலுமிச்சம்பழ வாசம். எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. அம்மன் கடைசிவரைக்கும் அவன்கூடத்தான் இருந்திருக்கா. மேல இருக்கறவ கைவிடல தம்பி. கீழ இருந்தவருதான் கைவிட்டாரு.

என்னங்க, காபி சரியில்லைங்களா? வெச்சுட்டீங்க?

கருமாதி அன்னைக்குத்தான் உண்மை வெளிய வந்துச்சு. எல்லாரும் கூடி உக்காந்திருக்கறப்ப என்ற அண்ணன் கேட்டாரு. "ஏனுங்க மாப்ள, நீங்களே பாத்துப் பாத்துப் பண்ணுன வண்டி. பிரேக்கு எப்படிங்க பிடிக்காமப் போகும்?" அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரு மூலையில இருந்தாரு. எனக்குப் பொறுக்கல. "அதையேதான் அண்ணா நானும் கேக்கறேன். செக்கிங் முடிஞ்சதும் அம்மன் பழத்தை என்ற கையால சீட்டுக்குப் பக்கத்துல வெச்சு..." அவ்வளவுதான் சொன்னேன். விருட்டுன்னு எந்திரிச்சாரு.

"நான்தானுங்க. பிரேக்குல காத்து இருந்துச்சு. நான் சரியா எடுக்கல. என்ற தப்பு. இதுக்கு மேல யாரும் இதைப் பத்திப் பேச வேண்டாம்."

சபையில வாயே தொறக்காத ஆளுங்க அவரு. பொண்ணு பாக்க வந்தப்பகூட அவங்க அப்பாதான் பேசுனாரு. அன்னைக்கு அவ்வளவு சத்தமா, ஊரே கேக்கற மாதிரி சொன்னாரு. என்ற அண்ணன் செருப்பைக் கழட்டிட்டாரு. நாலு பேரு புடிச்சும் ஒரு அடி விழுந்துச்சு. வாங்கிக்கிட்டு நின்னாரு. கையைக்கூடத் தூக்கல. நான் வாசல்ல போயி மண்ணை வாரித் தூத்தினேன். என்ற புள்ளையைக் கொன்னவனே, நீ வெளங்க மாட்டேன்னு. அப்ப அவரு என்னைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. கோவமா இருந்தா நான் தாங்கியிருப்பேன். பாவம்னு பாத்தாருங்க, என்னைய. தப்புப் பண்ணுனவன் பாவம்னு பாத்தா எப்படி இருக்கும்?

அன்னையோட பேச்சு நின்னு போச்சு.

அதுக்கப்பறம் அவரு பண்ணுனதெல்லாம் பைத்தியக்காரத்தனம். காரியம் முடிஞ்ச வாரமே கோடாலி எடுத்து அந்த எலுமிச்சை மரத்தை வெட்டிச் சாய்ச்சாரு. காய்ச்சுத் தொங்கற மரமுங்க. வேர் வரைக்கும் தோண்டி எடுத்து, பழமெல்லாம் பொறுக்கி ஒட்டுக்காக் குழி வெட்டிப் பொதைச்சாரு. ஊறுகாய் ஜாடி ஒண்ணு இருந்துச்சு, அதையும் கொண்டுபோயிக் கொட்டிட்டாரு. அம்மன் மேல கோவம். தன்ற தப்புக்கு சாமி மேல பாயறது. நான் இப்பவும் சந்தையில வாங்கித்தான் பூசைக்குக் குடுக்கறேன், பழத்தை முந்தானையில மறைச்சுக் கொண்டுபோறேன். என்ற வீட்டுல நான் திருடி மாதிரி.

சரி, வண்டியைக் காயிலாங்கடைக்குப் போட்டிருந்தா மனுசன். நசுங்குனதை ஒவ்வொண்ணா நிமித்தி, மறுபடியும் லேத்துல கடைஞ்சு, திரும்ப நிறுத்தறாரே, எதுக்குங்க? உங்ககிட்டச் சொன்னாராமே, அந்த வளைவுல ஒருதரம் வண்டி வேகம் கொறைஞ்சு திரும்பறதைப் பாத்துட்டா போதும்னு. பட்டறைப் பையன் எங்கிட்ட வந்து சொன்னான். கேட்டுட்டு நான் சோறு திங்கல.

அதுவாவது போகட்டும். மத்தியானம் நான் சித்த நேரம் படுக்கறப்ப செட்டுல இருந்து சத்தம் வருதுங்க. "மிதி கண்ணு. புடி. விடு." உள்ள வேற யாரும் இல்ல. அவரு கீழ படுத்துக்கிட்டுக் குரல் குடுக்கறாரு, பெடலு மிதிபடற சத்தம் வருது. டக்குனு போகுது, டக்குனு வருது. ஒருநாள் பொறுக்காம எந்திரிச்சுப் போயி தகரச் சந்துல பாத்தேன். அவரு கால் மட்டும் சக்கரத்துக்கிட்டத் தெரியுது. சீட்டு காலி. "மிதி கண்ணு"ங்கறாரு. டக். திரும்பிப் பாக்காம ஓடியாந்துட்டேன். அதுக்கப்பறம் நான் அந்தப் பக்கம் போகல. ஆனா மத்தியானம் ஆச்சுன்னா காது தானாத் தேடுதுங்க. ஒருநாள் சத்தம் வரலைன்னா வெசனமா இருக்குது. என்ற புள்ளை மிதிக்கறான்னே வெச்சுக்கறேன். எனக்கு அது போதும்.

ஒத்தை ஆளாப் பண்ணறதுக்குக் கருவி இருக்குதுங்களா? இருக்கட்டும். கருவியை எதுக்குங்க கண்ணுன்னு கூப்புடோணும்?

நீங்களே பாத்தீங்கல்ல, சீட்டுல இருந்து பெடலு வரைக்கும் ரெண்டு பக்கமும் தகரம் வெச்சு அடைச்சிருக்காரு. ஒரு கோலிக்குண்டுகூட உருண்டு போகாது. ரேஸ் வண்டிக்குக் கனம் ஆகாதும்பாங்க, இவரு கனத்தை ஏத்தறாரு. எதுக்கு இதுன்னு நீங்க கேட்டதுக்கு பதிலே சொல்லலையாமே. போன வாரம் உங்களை உக்கார வெக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டைக் காலி பண்ணச் சொன்னாரு, சாவி, சில்லறை, பேனா எல்லாம். ஜன்னல்ல பாத்து எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்பறம் பேட்டரி விளக்கை அடிச்சு பெடலுக்கு அடியில பாக்கறாரு, எந்திரிக்கறாரு, மறுபடியும் குனிஞ்சு பாக்கறாரு. காத்து இருந்தது குழாயில. இவரு தேடறது தரையில. புத்தி பேதலிச்ச மனுசன்கிட்டத்தான் நீங்க உசுரைக் குடுக்கப் போறீங்க தம்பி.

ஏனுங்க, மூஞ்சி வெளுத்துப் போச்சு? பயமுறுத்தணும்னு சொல்லல. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல. வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போறேன். பூபதிக்குக் குடுத்த மாதிரியே உங்களுக்கும் ஒரு பழம் பூசை பண்ணி...

வேண்டாமுங்களா?

எதுக்கு இப்படிப் பதறறீங்க? காபி சிந்திருச்சு பாருங்க. இருக்கட்டும், நான் தொடைச்சுக்கறேன். பழம் ஆகாதுன்னா விடுங்க, விபூதி தர்றேன், நெத்தியில வெச்சுக்கிட்டுப் போங்க. அது போதுமா? சரி. வண்டிக்கிட்ட வரக் கூடாதா? கேலரியில உக்காந்து பாக்கலாமா? வெறுங்கையோடயா? சரிங்க. நீங்க இவ்வளவு தூரம் கையெடுத்துக் கும்புடறீங்க, உங்களுக்காக ஒத்துக்கறேன். வெறுங்கையோடயே வர்றேன். செல்லாண்டியம்மன் மேல சத்தியம்.

ஏதோ சொல்ல வந்தீங்களே. சொல்லுங்க.

ஒண்ணுமில்லைங்களா? அவரும் இப்படித்தான் தம்பி. வருசத்துல ஒருநாள், பூபதி போன அன்னைக்கு, இந்த நடை வரைக்கும் வந்து நிப்பாரு. வாய் எடுப்பாரு. நானும் கை வேலையை நிறுத்திட்டுக் காத்திருப்பேன். ஒண்ணுமில்லைன்னு தலையை ஆட்டிட்டுத் திரும்பிப் போயிருவாரு. மன்னிப்புக் கேக்கத்தான் வர்றாரு, எனக்குத் தெரியாதா. ஆம்பளை, வாய் வர மாட்டேங்குது.

இன்னைக்குக் காலையில பாத்தேன், இட்லியைப் பிக்கறப்ப துண்டு நழுவித் தட்டுலயே விழுந்துச்சு, மறுபடியும் எடுத்தாரு. வயசாயிருச்சு. கழுத்தெல்லாம் வத்திப் போச்சு. என்ற அண்ணன் அடிச்சப்பகூட எனக்கு மனசு இரங்கல, இன்னைக்கு இட்லி பிக்கறதைப் பாத்து இரங்கிருச்சுங்க. தப்பு பண்ணுனவருதான். ஆனா ஊரறிய ஒத்துக்கிட்டாரு. எத்தனை பேரு ஒத்துக்குவாங்க சொல்லுங்க? இந்த பாரத்தோட அவரு போயிச் சேந்துட்டா எனக்குத்தான் பாவம். நான் ஒருத்தி சொன்னாத்தான் அது எறங்கும்.

எந்திரிச்சுட்டீங்களா? அப்ப செட்டுக்குத்தானே போறீங்க. நேரா அவருக்கிட்டப் போயிச் சொல்லுங்க, பூபதி அம்மா உங்களை மன்னிச்சுட்டாங்கன்னு. நான் சொன்னேன்னு சொல்லுங்க. சொல்றப்ப அவரு மூஞ்சி எப்படி இருக்குதுன்னு நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க தம்பி.